லாரி படுக்கும் வளைவு

நெடுஞ்சாலைத் துறை அந்த வளைவுக்கு ஓர் எண்ணைத்தான் கொடுத்திருந்தது. மைல்கல்லில் எழுதியிருந்த அந்த எண்ணை வாயால் சொன்னவர் யாருமில்லை. லாரிக்காரர்களுக்கு அது 'படுக்கை'. மலையிலிருந்து இறங்கி வரும் சாலை அங்கே ஒரு பெரும் பாறையைச் சுற்றி இடுப்பை ஒடித்துத் திரும்பும். உள்பக்கம் பாறை. வெளிப்பக்கம் ஓடைக்கு இறங்கும் புதர்ச் சரிவு. பாரம் ஏற்றிய லாரி, அதிலும் மழை நாளில், அந்த இடத்துக்கு வந்ததும் நாளெல்லாம் உழுத மாடு மாதிரி மெல்லச் சாய்ந்து படுத்துவிடும். படுத்த லாரியை எழுப்ப அந்தப் பக்கத்தில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு.

அவர் கொக்கி. பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் அட்டையில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். பழைய ராணுவ லாரி ஒன்றை வாங்கி, அதன் முதுகில் இரும்புக் கையையும் முன்னால் கம்பிவடம் சுற்றும் வின்ச்சையும் தானே வெல்டிங் வைத்துப் பொருத்தி ஒரு கிரேன் செய்து வைத்திருந்தார். காலையில் அதன் பானெட்டைத் தட்டி, "எழுந்துட்டியாடா?" என்று கேட்ட பிறகுதான் பல் துலக்கப் போவார்.

"என்னை ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருப்பாரா இந்த மனுஷன்?" என்று வீட்டுக்காரி லாரிக்காரர்களிடம் முறையிடுவாள்.

"நீதான் எனக்கு முன்னாடி எழுந்துடறியே. அப்புறம் என்னத்தைக் கேக்கறது?" என்பார் கொக்கி.

வீட்டுக்காரியை லாரிக்காரர்கள் அக்கா என்றார்கள். நாமும் அப்படியே சொல்லலாம். வளைவு முடிந்து இருநூறு அடியில் தகரத்தால் அடைத்த டீக்கடை அவளுடையது. டீ, ரொட்டி, அவித்த முட்டை, மதியத்துக்குச் சோறு. கடைக்குப் பின்னால் இரண்டே அறை. முன்னறையில் ஒரு கட்டில் எப்போதும் துவைத்த விரிப்போடு காலியாகக் கிடக்கும். வீட்டு ஆட்கள் யாரும் அதில் படுப்பதில்லை. நகரத்திலிருந்து ஆம்புலன்ஸ் வந்து சேர முக்கால் மணி நேரமாகும். அதுவரைக்கும் அடிபட்டவர்களைக் கிடத்துவதற்கு அந்தக் கட்டில்.

ஒரே மகள், நகரத்து மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவில் நர்ஸ். அப்பா வண்டியைத் தூக்குவார், அம்மா ஆளைத் தூக்குவாள், மகள் கட்டுப் போடுவாள். "இந்த ஒரு வளைவு நம்ம வீட்டுல மூணு பேருக்கு வேலை போட்டுக் குடுத்திருக்கு" என்று கொக்கி சொல்லிச் சிரிப்பார். மகளுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. "வாயைக் கழுவுங்கப்பா" என்பாள்.

ஒரு நாள் முற்பகலில் ஆரஞ்சுச் சட்டை போட்ட நாலு பேர் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். மூன்று கால் கருவியைச் சாலையோரத்தில் நட்டு, ஒருவர் கோலைப் பிடிக்க, ஒரு பெண் ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். வெள்ளை ஹெல்மெட்டுக்கு அடியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. பதினோரு மணிக்கு நாலு பேரும் கடைக்கு வந்தார்கள்.

"நாலு டீ அக்கா. ஒண்ணுல சர்க்கரை வேண்டாம்."

"உக்காரும்மா. வேகாத வெயில்ல ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு என்ன பாக்கற?"

"ரோட்டைத்தான் அக்கா. துறைமுகத்திலேர்ந்து தலைநகரம் வரைக்கும் இந்த ரோடு முழுக்கத் திருத்திப் போடப் போறாங்க. நான் அதுக்கு என்ஜினியர். ஆபத்தான எடத்துல பாறையை ஒடைச்சு, வளைவை நிமித்துவாங்க. மத்த எடத்துல கோடு போட்டு, போர்டு வெப்பாங்க."

"இது எதுல சேத்தி?"

என்ஜினியர் பெண் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். "போலீஸ்ல பதிவானது பத்து வருஷத்துல பதினாலு விபத்து. அதனால இது போர்டு லிஸ்ட்ல இருக்கு."

வடிகட்டியைப் பிடித்திருந்த அக்காவின் கை அப்படியே நின்றது. "பதினாலா? போன மழைக்கே ஒன்பது வண்டி படுத்துச்சும்மா. எல்லாரும் போலீஸுக்கா போறாங்க? கையில கால்ல அடிபட்டவன் கட்டுப் போட்டுக்கிட்டு, சரக்கை வேற வண்டிக்கு மாத்திக்கிட்டுப் போயிடறான்."

கிரேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து கிரீஸ் அடித்துக்கொண்டிருந்த கொக்கி தலையை வெளியே நீட்டினார். "ஏம்மா, வந்தவங்களுக்கு டீயைக் குடு. பழங்கதையெல்லாம் எதுக்கு இப்ப?"

"கேக்கறாங்க, சொல்றேன். உங்களுக்கு என்ன போச்சு?"

"வளைவை நிமித்தினா ரோடு நம்ம வாசலை விட்டுப் போயிடும். அதான் போகும்."

"போகட்டும்" என்றாள் அக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "எழுதிக்கோம்மா. தேதி கேட்டா எனக்குத் தெரியாது. அடுப்புல என்ன இருந்துச்சுன்னு தெரியும். ரொட்டிக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தேன், சிமெண்டு லாரி. மாவுக் கையோடயே ஓடினேன். அந்த ஆளோட சட்டையில என் அஞ்சு விரலும் பதிஞ்சிருந்துச்சு. முட்டை வேகப் போட்டிருந்தேன், மருந்து வண்டி. திரும்பி வந்து பாத்தா தண்ணி வத்தி முட்டையெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. அந்த டிரைவர் பொழைச்சிட்டாரு, இன்னும் இந்தப் பக்கம் வந்தா முட்டை வேணாம்பாரு."

சொல்லச் சொல்ல என்ஜினியர் பெண் எழுதிக்கொண்டே போனாள். டீ ஆறி ஆடை படிந்தது. கூட வந்த மூன்று பேரும் மரத்தடியில் தூங்கிப்போனார்கள். அக்கா அழவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"வெங்காய லாரி ஒண்ணு. நல்ல மழை. அந்த டிரைவரை உள்ள கட்டில்ல படுக்க வெச்சேன். வயித்துல அடி. வெளிய ஒரு கீறல் இல்ல. 'அக்கா, தார்ப்பாய் வெலகிடுச்சு, வெங்காயம் நனையுது, மூடச் சொல்லுங்க'ன்னாரு. மூடிட்டோம்ப்பான்னேன். நல்லா மூடிட்டீங்களான்னாரு. நல்லா மூடிட்டோம்ப்பான்னேன். அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் வந்தப்ப கை சில்லுன்னு இருந்துச்சு."

என்ஜினியர் பெண் பேனாவை வைத்துவிட்டுச் சாலையைப் பார்த்தாள். பிறகு தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல, "எனக்கு ஒண்ணுதான் புரியல அக்கா. மேல இதைவிட மோசமான வளைவு ரெண்டு இருக்கு. அங்க இவ்வளவு இல்ல. இங்க மட்டும் ஏன்? வேகம்னும் சொல்ல முடியல" என்றாள்.

கொக்கியால் அதற்கு மேல் கிரேனுக்கு அடியில் கிடக்க முடியவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றை இன்னொருவர் தெரியாமல் தேடும்போது வாயை மூடிக்கொண்டிருக்க அவர் பழகாதவர். எழுந்து, கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு, கருவிப் பெட்டியிலிருந்து எலுமிச்சையளவு இருந்த ஒரு பேரிங் குண்டை எடுத்தார்.

"வாம்மா என்ஜினியரு. உன் மூணு கால் சொல்றதை என் குண்டு சொல்லும்."

வளைவின் நடுவில் நின்று, மேலும் கீழும் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுக் குண்டைத் தாரில் வைத்தார். அது ஒரு நொடி யோசித்தது. பிறகு பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெளிப்பக்கமாக, ஓடைச் சரிவைப் பார்த்து உருண்டது. போகப் போக வேகம் பிடித்துப் புதருக்குள் விழுந்தது.

"பாத்தியா? வளைவுல வெளிப்பக்கம் ஒசரமா இருக்கணும். அப்பத்தான் வண்டி உள்பக்கமா சாஞ்சு திரும்பும். சைக்கிள் ஓட்டறவனுக்கே தெரியும். இங்க தலைகீழ். எப்பவோ ஒருத்தன் குழியை அடைக்கறேன்னு உள்பக்கம் மட்டும் தார் மேல தார் போட்டுட்டுப் போனான். அன்னியிலேர்ந்து ரோடே லாரியைப் புடிச்சு வெளியே தள்ளுது. மழை பேஞ்சா கேக்கவே வேணாம். இதுவரைக்கும் நான் தூக்கின வண்டி அத்தனையும் ஒரே பக்கம்தான் படுத்துச்சு. ஒண்ணுகூட மாறிப் படுத்ததில்ல."

என்ஜினியர் பெண் வாயைத் திறந்தபடி நின்றாள். "அண்ணே, நான் காலையிலேர்ந்து அளந்து இப்பத்தான் அதைச் சந்தேகப்பட்டேன். நீங்க எப்படி இவ்வளவு உறுதியா...?"

கொக்கிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அது மட்டுமா? இந்தா பாரு" என்று அவளைப் பாறையடிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு ரயில் தண்டவாளத் துண்டு, இடுப்பளவுக்கு, காங்கிரீட் போட்டு நட்டிருந்தது. "வண்டியை இழுக்கறப்ப என் கிரேனே சறுக்கும். எப்படியும் எல்லாம் அந்தப் பக்கம்தானே விழப்போகுது, அதனால இந்தப் பக்கம் ஒரு தூணை நட்டு வெச்சேன். கிரேனோட பின்பக்கத்தை இதுல கட்டிட்டா மலையையே இழுக்கலாம். ஒன்பது வருஷம் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு ஆட்டம் இல்ல!"

தூணைத் தட்டிக் காட்டிவிட்டுத் திரும்பினார். பின்னாலேயே வந்த அக்கா, கழுவ எடுத்த டம்ளர்களை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். அவள் என்ஜினியரைப் பார்க்கவில்லை. தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும்தான், தான் இதுவரை சொன்னது என்ன என்பது கொக்கியின் காதில் விழுந்தது.

"தூண் நட எடம் தெரிஞ்சிருக்கு" என்றாள் அக்கா, மெதுவாக. "சொல்ல எடம் தெரியல."

டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தத்தோடு கடைக்குப் போய்விட்டாள்.

அக்கா கோபத்தில் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிற ரகமில்லை. அன்று மாலையும் வழக்கம்போலச் சோறு வைத்தாள். கொக்கிக்குப் பிடித்த மாதிரி முட்டையில் மிளகு தூவினாள். பேச்சு மட்டும் அவரை விட்டு விலகி, சுவரையும் அடுப்பையும் பார்த்துப் போக ஆரம்பித்தது. "சாப்பிடறவங்க சாப்பிடலாம்" என்பாள் அடுப்பிடம். "துவைக்கிற துணி இருந்தா வாளியில கெடக்கலாம்" என்பாள் வாளியிடம். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் கொக்கி வாங்காத திட்டு கிடையாது. ஆனால் இப்படி வாளிக்கும் அடுப்புக்கும் கீழே அவர் ஒருநாளும் இறங்கியதில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மகளுக்குப் போன் செய்தார்.

"அம்மா எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாங்கப்பா."

"என்ன சொன்னா?"

"உங்களைத் திட்டலப்பா. ஒவ்வொருத்தரா நெனச்சுப் பாத்துக்கிட்டிருக்காங்க. யாரு தூணுக்கு முன்னாடி, யாரு தூணுக்குப் பின்னாடின்னு."

கொக்கி குரலை உயர்த்தினார். "நான் என்ன பண்ணேன்? ரோட்டை நானா போட்டேன்? எங்கிட்ட எவன் வந்து கேட்டான்? ஆபீஸுக்குப் போயிருந்தா, 'கிரேன் ஓட்டற நீ எனக்கு ரோடு போடச் சொல்லித் தரியா'ன்னு வாசல்லயே நிறுத்தியிருப்பான்."

"நிறுத்தியிருப்பாங்கதான்" என்றாள் மகள். "ஆனா நீங்க போகலையேப்பா."

மறுநாள் காலை, அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கொக்கி டீக்காக நின்றார். அவள் நிமிர்ந்து, அந்த மூன்று நாளில் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்த வெங்காயக்காரரு தூணுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தேதி தெரியாது. கொக்கி கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"பின்னாடி. அந்த வருஷ மழைக்கே."

அக்கா தலையாட்டினாள். வெங்காயத்தைத் தொடர்ந்து உரித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. அதை அவள் துடைக்கவும் இல்லை, அது எதனால் என்று அவர் கேட்கவும் இல்லை.

அன்று முழுவதும் கொக்கி வேலை எதையும் தொடவில்லை. கிரேனின் படியில் உட்கார்ந்து தன்னையே துருவித் துருவிப் பார்த்தார். யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. அது சத்தியம். வண்டிக்குள் சிக்கியவனை எடுக்க இரண்டு முறை தன் விரலைப் பணயம் வைத்தவர்தான். ஆனால் வானம் இருட்டிக்கொண்டு வந்தால் கேட்காமலேயே எழுந்துபோய் கிரேனுக்கு டீசல் ஊற்றி வைப்பார். அந்த டீசல் வாடை இப்போது அவருக்கு மூக்கிலேயே நின்றது.

பத்து நாள் கழித்து என்ஜினியர் பெண் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, வளைவு லிஸ்ட்ல ஏறிடுச்சு! நீங்க சொன்னதை மருத்துவமனைப் பதிவோட ஒத்துப் பாத்தோம். உங்க மகதான் எடுத்துக் குடுத்தாங்க. முப்பத்தெட்டு ஒத்துப் போச்சு. அண்ணன் சொன்ன சரிவும் அளந்து எழுதியாச்சு. பாறையை வெட்டி, ரோட்டையே தள்ளிப் போடப் போறோம்."

"எப்பம்மா?" என்றார் கொக்கி.

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "மழை முடிஞ்சுதான் அண்ணே. எட்டு மாசம் ஆயிடும். அதுவரைக்கும் எச்சரிக்கை போர்டு வெக்கச் சொல்லியிருக்கேன்."

"மழை முடிஞ்சா?" என்று அக்கா அடுப்பைப் பார்த்துக் கேட்டாள். "மழைக்குத்தானேம்மா வேணும்?"

போர்டு வந்தது. வந்த மூன்றாம் நாள் ஒரு வைக்கோல் லாரி அதை உரசிப் படுக்கப் போட்டுவிட்டுப் போனது.

முதல் மழை மேகம் மலைமேல் கூடிய காலையில் கொக்கி கிரேனைக் கிளப்பினார். முற்றத்தின் மூலையில் ஒரு லாரியின் முன்பக்கக் கூண்டு வருஷக்கணக்காகத் துருப்பிடித்துக் கிடந்தது. கண்ணாடி இல்லாமல், ஒரு பக்கம் அப்பளமாக நசுங்கி, ஸ்டியரிங் மட்டும் முழுசாக. அதைக் கிரேனின் இரும்புக் கையில் மாட்டித் தூக்கிக்கொண்டு மேலே போனார். வளைவுக்குக் கால் மைல் முன்னால் சாலையோரம் அகலமான மண்திட்டு ஒன்று உண்டு. அங்கே கிரேனை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, இரும்புக் கையை உயர்த்தினார். நசுங்கிய கூண்டு இறங்கி வருகிறவன் கண்ணுக்கு நேராகக் காற்றில் மெல்லச் சுழன்றது.

முதலில் வந்த லாரி அதைப் பார்த்ததும் பிரேக்கை அழுத்தி, கியரைக் குறைத்து, ஆமையாக ஊர்ந்து போனது. அடுத்ததும் அப்படியே. கொக்கி டிரைவர் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மதியத்துக்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. "என்னய்யா இது, ரோட்டோரத்துல தலையை வெட்டித் தொங்கவிட்ட மாதிரி? யாரு அனுமதி குடுத்தா?"

"ஐயா, போர்டுன்னா படிக்கணும். இதுன்னா பாத்தாப் போதும். நீங்க வர்றப்ப என்ன பண்ணீங்க?"

இன்ஸ்பெக்டர் தன் டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். டிரைவர் தலையைச் சொறிந்தார். "பிரேக் புடிச்சேங்க."

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் அந்தக் கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அடியில ஒரு செகப்புத் துணி கட்டு. பின்னாடி விளக்கு போடு. நான் உன்னைப் பாக்கல, நீ என்னைப் பாக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் அந்த மழைக்காலம் தொடங்கியது. விடிந்ததும் கிரேனில் ஏறினால் கடைசி சரக்கு லாரிகள் மலையைக் கடக்கும்வரை கொக்கி இறங்கமாட்டார். வேறு ஊர்களிலிருந்து தூக்கு வேலைக்குக் கூப்பிட்டார்கள். கிரேனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். லாரிக்காரர்கள் ஊர்ந்து போகும்போது ஜன்னலில் தலையை நீட்டிக் கத்துவார்கள்.

"கொக்கிண்ணே, தொங்கறது யாரோடது?"

"பழசு! உன்னோடதுக்கும் பக்கத்துல எடம் ஒழிச்சு வெச்சிருக்கேன், மெதுவாப் போடா!"

அவருக்குச் சாப்பாடு தவறாமல் வந்தது. அக்கா கடைக்கு வரும் மேலேறும் லாரிகளில் ஒன்றை நிறுத்தி, தூக்குப் பாத்திரத்தைக் கொடுத்து, "வழியில ஒருத்தர் லாரித் தலையைத் தொங்கவிட்டுட்டு உக்காந்திருப்பாரு, அவர்கிட்ட குடுத்துடுங்க" என்பாள். காலிப் பாத்திரம் இறங்கும் லாரியில் திரும்பி வரும். ஒருநாள் பாத்திரத்தோடு சேர்த்து, 'உப்பு கம்மி' என்று ஒரு சீட்டு வந்தது. அடுத்த நாள் சோற்றின்மேல் ஒரு பிடி உப்பு தனியாகப் பொட்டலம் கட்டி இருந்தது. அதைப் பார்த்து கொக்கி தனியாக உட்கார்ந்து சிரித்தார். திட்டு மெல்லத் திரும்பி வருகிறது என்று அவருக்குப் பட்டது.

ஐந்தாவது வாரம், ஒரு பிற்பகல். நான்கு நாளாக விடாத மழை. சாலை முழுக்கச் செந்நீர் ஓடியது. கொக்கி கண்ணாடியைத் துணியால் துடைத்துப் பார்த்தார். கீழேயிருந்து ஒரு குடை நடந்து வந்துகொண்டிருந்தது. காற்று குடையை மடக்கித் திருப்ப, குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்தது அக்கா. கதவைத் திறந்து கையை நீட்டினார். அவள் கையைப் பிடிக்காமல், கம்பியைப் பிடித்துத் தானே ஏறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை அதில் ஏறியிருக்கிறாள். அதற்குப் பிறகு இப்போதுதான்.

"ஒரே டீசல் நாத்தம்" என்றாள். நேராக அவரிடம்.

கொக்கி துணியை எடுத்து மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். பேசினால் கலைந்துவிடுமோ என்று பயம்.

"மக போன் பண்ணா. இந்த மழைக்கு நம்ம ரோட்டுலேர்ந்து ஒருத்தர்கூட அவ வார்டுக்கு வரலையாம். கட்டிலெல்லாம் காலியாக் கெடக்காம். பெரிய டாக்டர் கேட்டாராம், 'உங்க ஊர்ல ரோட்டை மூடிட்டாங்களா'ன்னு."

"ஒரு வேன் சறுக்குச்சே போன வாரம்."

"அது சறுக்கினது. அதுல வந்த அஞ்சு பேரும் தானே எறங்கி நடந்து வந்து, ஆளுக்கு ரெண்டு முட்டை தின்னுட்டு, ஊரையே கூட்டற மாதிரி கத்திக்கிட்டு, நடந்து போனாங்க."

இருவரும் சிரித்தார்கள். ஒரு பேருந்து மேலேயிருந்து வந்தது. ஜன்னல்களெல்லாம் ஆவி படிந்து, உள்ளே மங்கலாகத் தலைகள். தொங்கும் கூண்டைப் பார்த்து வேகம் குறைத்து, வளைவுக்குள் நுழைந்து மறைந்தது. இருவரும் பேச்சை நிறுத்திக் காதைக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே அது கியர் மாற்றும் சத்தம் கேட்டது. போய்விட்டது. அக்கா மூச்சு விட்டாள்.

"உங்களை மட்டும் கொறை சொல்லிட்டேன்" என்றாள். "அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். மேகம் கட்டினா நீங்க டீசல் ஊத்துவீங்க. நான் என்ன பண்ணுவேன்? பழைய துணியைக் கிழிச்சு வெந்நீர்ல போடுவேன். யாரும் விழறதுக்கு முன்னாடியே. விழுவாங்கன்னு தெரிஞ்சுதானே போட்டேன்? எனக்கு மட்டும் யாரு கையைப் புடிச்சா? நாலு பேரைச் சேத்துக்கிட்டுப் போயி அந்த ஆபீஸ் வாசல்ல உக்காந்திருக்கலாம்ல?"

"நீ கட்டுப் போட்டே. நான் தூண் நட்டேன். ரெண்டும் ஒண்ணாகாது."

"ஆகாதுதான்" என்று ஒத்துக்கொண்டாள். அவரைச் சமாதானப்படுத்த அவள் வரவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அந்த வெங்காயக்காரரு வீட்டுக்கு ஒரு தடவை போயிட்டு வரணும். மருத்துவமனைப் பதிவுல விலாசம் இருக்காம். மக சொன்னா" என்றாள்.

"போயி என்ன சொல்றது?"

"நல்லா மூடிட்டோம்னு நான் சொன்னது பொய்யி. யாருமே மூடல. அத்தனை வெங்காயமும் நனைஞ்சுதான் போச்சு. அதை யார்கிட்டயாவது சொல்லணும். நீங்க உங்களோடதைச் சொல்லுங்க."

மழை விட்ட மாதத்தில் இருவரும் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தார்கள். அந்த வீட்டில் டிரைவரின் மனைவி இருந்தாள். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கொக்கி தூணைப் பற்றிச் சொன்னபோது எழுந்து உள்ளே போய்விட்டாள். நெடுநேரம் கழித்து வந்து, அக்காவிடம் மட்டும், "கடைசியில அவர் கையை நீங்கதான் புடிச்சிருந்தீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். கொக்கியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தண்ணீர்கூடக் கேட்காமல் எழுந்தார். திரும்பும் வழியெல்லாம் அக்கா அவர் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கினாள். அவர் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு பாறை உடைக்க வந்துவிட்டார்கள். துளை போடும் இயந்திரத்தின் சத்தத்தில் அக்காவின் டம்ளர்கள் பலகையில் தாமாக நடந்து விளிம்புக்கு வந்தன. சோற்றிலும் டீயிலும் கல் தூசி. தொழிலாளர்கள் நூறு பேருக்கு மேல். அக்காவுக்கு இடுப்பு நிமிர நேரமில்லை. கொக்கியின் கிரேன் ஓரத் தடுப்புச் சுவருக்கான காங்கிரீட் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தது. என்ஜினியர் பெண் அடிக்கு ஒரு தடவை மட்டம் பார்த்தாள். வெளிப்பக்கம் உயர்ந்தது. தூண் நின்ற இடம் பாறையோடு சேர்ந்து சல்லியாகிப் போனது. கொக்கி அன்று மட்டும் வேலைக்கு வராமல் வீட்டில் படுத்துக்கொண்டார்.

புதுச் சாலை திறந்ததும் அவர் முதலில் பயந்தது நடந்தது. சாலை முந்நூறு அடி தள்ளிப் போய்விட்டது. கடைக்கு முன்னால் பழைய தார்த்துண்டு ஆளில்லாமல் கிடந்தது. ஒரு வாரம் அக்கா ஈ ஓட்டினாள். எட்டாம் நாள் காலை இடுப்பில் கையை ஊன்றி நின்று, கிரேனைப் பார்த்து, "உங்க ஆளு சும்மாத்தானே நிக்கறான்? இதைத் தூக்குவானா?" என்று கடையைக் காட்டினாள்.

"எதை?"

"கடையைத்தான்."

பாத்திரங்களை இறக்கினார்கள். தகரச் சுவரின் நாலு மூலைக்கும் சங்கிலி போட்டார் கொக்கி. கடை முனகிக்கொண்டே தரையை விட்டு எழுந்தது. காற்றில் ஆடும் டீக்கடைக்குப் பின்னால் அக்கா, "இடிச்சுடாதீங்க, அலமாரி, அலமாரி!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். புதுச் சாலையோரம் வண்டிகள் ஒதுங்குவதற்கென்று விட்டிருந்த இடத்தில் அது வந்து இறங்கியது. கொஞ்சம் கோணல். "இருக்கட்டும். உங்க மூக்கும் கோணல்தான், நான் குடித்தனம் பண்ணலையா?" என்றாள் அக்கா.

அடுத்த மழையின் முதல் நாள். தூறல். இரும்புக் குழாய் ஏற்றிய நீள லாரி ஒன்று கடையோரம் வந்து நின்றது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் இறங்கினார். ஒரு வருஷம் வேறு பாதையில் ஓடிவிட்டு இப்போதுதான் இந்தப் பக்கம் வருகிறாராம்.

"அக்கா! நீ எப்பக்கா மலைமேல கடையை மாத்தின?"

"நான் எங்க மாத்தினேன்? மலைக்கு அடியிலதான் இருக்கேன்."

"வெளையாடாத. இன்னும் படுக்கையே வரலையே. டீயைக் குடு, குடிச்சுட்டுத் தெம்பா அதை எறங்கணும். மழை வேற."

அக்கா கொக்கியைப் பார்த்தாள். கொக்கி அக்காவைப் பார்த்தார்.

"தாண்டிட்டீங்க" என்றார் கொக்கி.

"எதை?"

"படுக்கையை."

மீசைக்காரர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை. கொக்கி சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "வாங்க, காட்டறேன்" என்று நடந்தார். இருவரும் சாலையோரமாக மேலே ஏறிப் போனார்கள். தடுப்புச் சுவர் முடியும் இடத்தில் கொக்கி நின்றார். அகலமான, கறுத்த, ஈரமான சாலை அங்கே சோம்பலாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு லாரி வந்தது. பின்னாலேயே ஒரு பேருந்து. இரண்டும் அந்த இடத்தைக் கவனிக்காமல் போயின.

"இங்கியா?" என்றார் மீசைக்காரர்.

"இங்கதான்."

அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணுமே தெரியலையேண்ணே."

கொக்கி பதில் சொல்ல வாயெடுத்தார். கீழேயிருந்து அக்காவின் குரல் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"அங்க என்னத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க ரெண்டு பேரும்? டீ ஆறுது, வாங்க!"